லோபெங்குலா தன் நாட்டை எழுதிக் கொடுத்துவிட்டாரா?

கேள்வி சுருக்கமானது: "ஆயிரம் துப்பாக்கிக்கு ஆசைப்பட்டு இண்டெபெலே ராஜா லோபெங்குலா தன் நாட்டையே வெள்ளைக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று படித்தேன். பக்கத்து ஊர்களைக் கொள்ளையடித்தே பிழைத்த, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூட்டம் ஏமாந்ததில் என்ன ஆச்சரியம்?" பார்க்க ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும் இதற்குள் இரண்டு இருக்கின்றன. அந்த ராஜ்யம் எப்படிப்பட்டது என்பது ஒன்று. 1888-இல் ராஜா குறி போட்டுக் கொடுத்த தாளில் என்ன இருந்தது, அதை வைத்துக்கொண்டு அப்புறம் என்ன செய்தார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நீங்கள் கையில் வைத்திருக்கும் பதில், இரண்டாவது காரியத்தைச் செய்தவர்கள் பரப்பிய பதில். அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கல்லூரியில் ஆப்பிரிக்க வரலாறு நடத்தியவன். ஒப்பந்தங்கள், மிஷனரிகளின் கடிதங்கள், விசாரணை அறிக்கைகள் எல்லாவற்றையும் ஆங்கில அச்சில்தான் படித்திருக்கிறேன். இண்டெபெலே மொழி எனக்குத் தெரியாது. அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதைகள் மொழிபெயர்ப்பு வழியாகத்தான் என்னிடம் வந்திருக்கின்றன. இந்தக் குறையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடலாம்: வீட்டுச் சுவர்களில் பளிச்சென்று கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டுகிறார்களே, அந்தத் தென்னாப்பிரிக்க இண்டெபெலே மக்கள் வேறு. நாம் பேசுவது ஜிம்பாப்வேயின் தென்மேற்கில், புலவாயோவைச் சுற்றி வாழ்பவர்களைப் பற்றி.

ராஜ்யத்தை உண்டாக்கியவர் லோபெங்குலாவின் தந்தை மிசிலிகாசி. இன்றைய குவாசூலு-நடால் பகுதியில் குமாலோ குலத்தில் ஒரு சிறு தலைவரின் மகன். தாய்வழித் தாத்தா ஸ்விடே இவருடைய அப்பாவைக் கொன்றுவிட, இவர் கொஞ்ச காலம் சூலு மன்னர் ஷாகாவின் பக்கம் இருந்தார். 1820-களின் தொடக்கத்தில் ஒரு படையெடுப்பில் பிடித்த மாடுகளை ஷாகாவுக்கு அனுப்பாமல் தானே வைத்துக்கொண்டார். கேட்க வந்த தூதர்களின் தலை இறகுகளை வெட்டி அனுப்பினார் என்று கதை சொல்கிறது. அதற்குமேல் அங்கே இருக்க முடியுமா? சில நூறு பேரோடு டிராகன்ஸ்பெர்க் மலையைத் தாண்டி உயர்நிலச் சமவெளிக்குப் போனார். அங்கே சோத்தோ, சுவானா ஊர்களை அடித்தார், ஆட்களைச் சேர்த்தார், பெரிய அரசாக வளர்ந்தார். இதில் ரத்தம் சிந்தியது உண்மை, மழுப்ப ஒன்றும் இல்லை. 1836-இல் தெற்கிலிருந்து போயர்கள், அதாவது டச்சு வழி வெள்ளைக் குடியேறிகள், வண்டிக் கூட்டங்களாக வந்தார்கள். வெக்கோப்பில் அவர்களுடைய மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார். 1837-இல் ஜனவரியிலும் நவம்பரிலும் போயர்கள் திருப்பி அடித்ததில் நிலை குலைந்தார். நடுவில் சூலுப் படையும் வந்து தாக்கியது. 1838 வாக்கில் மொத்த ஜனமும் லிம்போப்போ ஆற்றைத் தாண்டி வடக்கே நகர்ந்தது.

அந்த நகர்வில் நடந்த ஒரு சம்பவம் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் முக்கியம். கூட்டம் இரண்டாகப் பிரிந்து போனது. ராஜா ஒரு பக்கம் போக, மற்றவர்கள் பட்டத்து மகன் நுகுலுமானேயோடு இன்றைய புலவாயோ பக்கம் வந்து குடியேறினார்கள். ராஜாவிடமிருந்து வெகுநாள் சேதி இல்லை. செத்திருப்பார் என்று நினைத்து மகனை அரியணையில் உட்கார வைத்தார்கள். மிசிலிகாசி உயிரோடு திரும்பி வந்தார். பட்டம் கட்டிய தலைவர்களை ஒரு குன்றின்மேல் கொல்ல வைத்தார் என்பார்கள். அந்தக் குன்று இன்றும் புலவாயோவுக்கு வெளியே இண்டபாசிண்டுனா என்ற பெயரோடு இருக்கிறது. நுகுலுமானே கொல்லப்பட்டாரா, தெற்கே அனுப்பிவைக்கப்பட்டாரா என்பதில் இன்றுவரை தீர்ப்பு இல்லை. 1868-இல் மிசிலிகாசி இறந்தபோது இந்தச் சந்தேகம் உள்நாட்டுச் சண்டையாக வெடித்தது. 1870-இல் பட்டத்துக்கு வந்த லோபெங்குலா, தன்னை ஏற்க மறுத்த ஒரு படைப்பிரிவை அதே வருஷம் போரில் அடக்கிய பிறகுதான் ஆள முடிந்தது. ஆக, பின்னால் வெள்ளைக்காரர்களோடு பேரம் பேசியவர் நாற்காலி உறுதியாக இல்லாத ஒரு ராஜா. கோபக்கார இளைஞர் படை ஒரு பக்கம், அண்ணன் பெயரைச் சொல்லி யாராவது கிளம்பி வருவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

சரி, கொள்ளைக்கூட்டமா? அந்த ஜனத்தில் சூலு பக்கத்திலிருந்து வந்த சான்சி என்ற மேல்தட்டு சிறுபான்மை. வழியில் சேர்ந்த சோத்தோ, சுவானா வழியினரான என்லா அடுத்த தட்டு. லிம்போப்போவுக்கு வடக்கே ஏற்கெனவே இருந்து சேர்ந்துகொண்ட, சேர்க்கப்பட்ட ஹோலே மக்கள்தான் பெரும்பான்மை. அதாவது இண்டெபெலே என்று சொல்லிக்கொண்டவர்களில் பலரின் பாட்டன், முன்பே அங்கே வாழ்ந்த கலாங்கா, ஷோனா இனங்களில் ஒன்றைச் சேர்ந்தவராக இருந்திருப்பார். ராஜாவின் மாடுகளை ஊர்க் குடும்பங்கள் பராமரித்தன. பாலும் சாணமும் அவர்களுக்கு, மாடு ராஜாவுக்கு. தானியம் விதைத்தார்கள், தந்தம் விற்றார்கள். மாட்டோபோ மலைக் குகைகளில் இருந்த மழைக் கடவுள் முவாலியின் கோயில்கள் இவர்கள் வருவதற்கு முந்தியவை. வென்ற ராஜாக்களே அங்கே காணிக்கை அனுப்பினார்கள். வருஷம் பூராவும் ஈட்டியோடு திரிந்த நிரந்தரப் படை என்ற சித்திரம் 1970-களுக்குப் பிறகு வரலாற்று ஆய்வாளர்களிடம் ரொம்பவே ஆட்டம் கண்டுவிட்டது. படைப்பிரிவு என்று வெளியார் எழுதியவற்றில் பல, கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, வயல் பார்த்த சாதாரண ஊர்கள்.

அதற்காக ஷோனா ஊர்களைத் தாக்கவே இல்லை என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தப்பு. தாக்கினார்கள், மாடுகளையும் பிள்ளைகளையும் பிடித்து வந்தார்கள். சந்தேகத்துக்கு இடமான விஷயம், இந்த ஆட்சியின் எல்லை எதுவரை என்பது. பக்கத்தில் இருந்த ஷோனா தலைவர்கள் ஒழுங்காகக் கப்பம் கட்டினார்கள். கொஞ்சம் தள்ளி இருந்தவர்கள் சில வருஷம் கட்டினார்கள், சில வருஷம் கட்டாமல் அடி வாங்கினார்கள். கிழக்கே தொலைவில் இருந்தவர்களுக்கு லோபெங்குலா என்பது கேள்விப்பட்ட ஒரு பெயர், அவ்வளவுதான். இந்த மங்கலான எல்லையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் சுற்றப்போகிறது.

1888-க்கு வருவோம். தெற்கே போயர்கள் ஆண்ட டிரான்ஸ்வாலில் இரண்டு வருஷம் முன்புதான் பெரிய தங்கப் படிவு கிடைத்திருந்தது. வடக்கேயும் அதே மாதிரி கிடைக்கும் என்று எல்லோருக்கும் ஒரு வெறி. 1887-இல் போயர் அரசின் ஆள் ஒருவர் வந்து ஒரு நட்பு ஒப்பந்தம் வாங்கிப் போனார். உடனே பிரிட்டிஷ் பக்கத்திலிருந்து ஜான் மொஃபட் வந்தார். அவருடைய தந்தை ராபர்ட் மொஃபட், மிசிலிகாசி மிகவும் மதித்த மிஷனரி. அந்தப் பழைய உறவை வைத்து 1888 பிப்ரவரியில் ஓர் உடன்படிக்கை ஆனது. தெற்கே கேப் காலனியில் இருக்கும் பிரிட்டிஷ் உயர் ஆணையரின் சம்மதம் இல்லாமல் வேறு எந்த நாட்டுக்கும் நிலம் தரமாட்டேன் என்பது அதன் சாரம். அந்தத் தாள் லோபெங்குலாவை எப்படி அறிமுகப்படுத்துகிறது என்று பாருங்கள்: இண்டெபெலே மக்களின் ஆட்சியாளர், அவர்களுக்குக் கப்பம் கட்டும் ஷோனா, கலாங்கா மக்களுக்கும் சேர்த்து. மங்கலாக இருந்த எல்லை ஒரே வரியில் தெளிவாகிவிட்டது. எழுதியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள்.

அந்த அக்டோபரில், கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் பணக்காரரான பிரிட்டிஷ்காரர் சிசில் ரோட்ஸின் ஆட்கள் மூன்று பேர் புலவாயோவில் இருந்தார்கள்: கூட்டாளி சார்லஸ் ரட், கிம்பர்லி சுரங்க முகாமில் ஆட்களை மேய்த்துப் பழகிய தாம்சன், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த வழக்கறிஞர் மெக்வயர். 1888 அக்டோபர் 30 அன்று லோபெங்குலா பெருக்கல் குறி போட்டுக் கொடுத்ததுதான் ரட் ஒப்பந்தம். மாதம் 100 பவுண்டு, 1,000 மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள், 1,00,000 தோட்டாக்கள், ஜாம்பெசி ஆற்றில் ஓட ஒரு பீரங்கிப் படகு அல்லது அதற்குப் பதில் 500 பவுண்டு. எதற்காக? ராஜ்யத்தில் உள்ள எல்லா உலோகங்கள், கனிமங்களின் மீதும் முழு உரிமை. அவற்றை எடுப்பதற்கு அவசியம் என்று அவர்களுக்குத் தோன்றும் எல்லாவற்றையும் செய்ய அதிகாரம். மற்றவர்களுக்கு நிலமோ சுரங்கமோ தருவதாக இருந்தால் இவர்களைக் கேட்டுத்தான் தரவேண்டும். இவ்வளவுதான். நிலத்தை இவர்களுக்குக் கொடுத்ததாக அதில் ஒரு வரி கிடையாது. ஆகவே உங்கள் கேள்வியில் உள்ள "நாட்டை எழுதிக் கொடுத்தார்" என்பது அந்தத் தாளின்படியே தவறு.

வாயால் சொன்னது வேறு. மொழிபெயர்த்தவர் சார்லஸ் ஹெல்ம் என்ற லண்டன் மிஷனரி சங்கத்துப் பாதிரியார். பத்து வெள்ளைக்காரர்களுக்குமேல் வேலைக்குக் கொண்டுவரமாட்டோம், ஊர்களுக்குப் பக்கத்தில் தோண்டமாட்டோம், உங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு உங்கள் குடிமக்களைப் போல இருப்போம் என்று அவர்கள் வாக்குக் கொடுத்ததாகவும், அவை எழுத்தில் சேர்க்கப்படவில்லை என்றும் அவரே தன் சங்கத்துக்கு எழுதியிருக்கிறார். இது ராஜாவின் தரப்பு சொன்ன புகார் கிடையாது, ஒப்பந்தத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட ஆளின் வாக்குமூலம். அதனால் இதை உறுதியான செய்தி என்றே வைத்துக்கொள்ளலாம். ஹெல்ம் ஏற்கெனவே ரோட்ஸ் பக்கம் சாய்ந்திருந்தாரா, அந்த "எல்லாவற்றையும் செய்ய அதிகாரம்" என்ற பகுதியை எப்படி விளக்கினார் என்பவை விவாதத்துக்கு உரியவை. ரட் தாளை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பினார். வழி தப்பி, தாகத்தால் சாகப்போகிறோம் என்று நினைத்து, ஏதோ ஒரு விலங்கு தோண்டிய பொந்தில் அதைப் புதைத்து வைத்தார். அந்தப் பக்கத்து ஆட்கள் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினார்கள். தாளும் பிழைத்தது.

துப்பாக்கி ஆசை என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மூன்று பக்கமும் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நெருங்கி வரும்போது ஒரு ராஜா அதைக் கேட்டதில் பேராசை எங்கே இருக்கிறது? ஆப்பிரிக்கர்களுக்கு ஆயுதம் விற்பதைக் கேப் காலனிச் சட்டம் தடுத்தது. ரோட்ஸ் செல்வாக்கைக் காட்டி விலக்கு வாங்கினார். தான் குறி போட்டதற்கு வெளியில் என்ன அர்த்தம் சொல்கிறார்கள் என்று தெரிந்ததும் லோபெங்குலா துப்பாக்கிகளை ஏற்றுக்கொள்ளாமல் வெகுநாள் தள்ளிப்போட்டார். எடுத்துக்கொண்டால் ஒப்பந்தத்தை ஒப்புக்கொண்டது ஆகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். எழுத்து தெரியாதவர் என்பதால் சட்டம் புரியாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. 1889-இன் தொடக்கத்திலேயே ஒப்பந்தம் விசாரணைக்காக நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று பத்திரிகையில் அறிவிப்பு வரச் செய்தார். பாபயானே, முஷெட்டே என்ற இரண்டு மூத்த தலைவர்களை லண்டனுக்கே அனுப்பினார். அவர்கள் வின்ட்சர் கோட்டையில் விக்டோரியா ராணியைப் பார்த்தார்கள். ராணியின் பெயரில் வந்த பதில் கடிதத்தில் ஓர் அருமையான வரி உண்டு: ஒரு ராஜா விருந்தாளிக்கு ஒரு மாட்டைக் கொடுப்பார், மந்தையையே கொடுக்கமாட்டார், அப்புறம் வரும் விருந்தாளிகள் எதைச் சாப்பிடுவார்கள்? ஒப்பந்தத்துக்கு ஆதரவாகப் பேசிய லோட்சே என்ற தலைவர் அந்த வருஷமே குடும்பத்தோடு கொல்லப்பட்டார். ராஜாவின் மீது இருந்த நெருக்கடி அப்படி.

ஆனால் லண்டனில் காற்று திரும்பிவிட்டது. 1889 அக்டோபர் 29 அன்று ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனிக்கு அரச சாசனம், அதாவது அந்தப் பக்கம் ஆட்சி நடத்த ராணியின் பெயரில் அனுமதி, கிடைத்தது. ஒரே அமைப்போடு உறவு வைத்துக்கொள்வதுதான் உங்களுக்கு நல்லது என்ற தொனியில் ராணியின் பெயரில் இரண்டாவது கடிதம் போனது. அதைக் கொண்டுபோனவர்கள் முழு அணிவகுப்பு உடையில், மார்புக் கவசத்தோடு புலவாயோ வெயிலில் போய் நின்ற அரச குதிரைப்படைக்காரர்கள். இதில் ஒரு வேடிக்கை: சாசனம் வாங்கிய கம்பெனிக்கு அப்போது ரட் ஒப்பந்தம் சொந்தமே இல்லை. ரோட்ஸும் நண்பர்களும் அதைத் தனியாக இன்னொரு நிறுவனத்தின் பெயரில் வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் அரசின் காலனி அலுவலகத்துக்கு இது தெரியவர ஒன்றிரண்டு வருஷம் ஆனது.

1890 செப்டம்பரில் கம்பெனியின் படை ஷோனா நாட்டில் சாலிஸ்பரி கோட்டையைக் கட்டியது. இன்றைய ஹராரே அதுதான். லோபெங்குலாவின் ஊர்களைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்த நாட்டுக்குப் போர்ச்சுகலும் உரிமை கேட்டது. பிரிட்டன் சொன்ன பதில்: ஷோனா நாடு லோபெங்குலாவுடையது, அவர் எங்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறார். ரட் ஒப்பந்தம் அவரை மாட்டபெலேலாந்து (இண்டெபெலே நாடு), மஷோனாலாந்து (ஷோனா நாடு) இரண்டுக்கும் ராஜா என்றுதான் சொல்கிறது. போர்ச்சுகலை விலக்குவதற்கு லோபெங்குலாவின் ஆட்சி எவ்வளவு தூரம் நீள வேண்டுமோ அவ்வளவு தூரம் நீண்டது.

ராஜா தன் பக்கம் ஒரு காய் நகர்த்தினார். ரட் ஆட்களுக்குக் கனிமம்தானே, நிலம் இல்லையே என்று 1891-இல் லிப்பர்ட் என்ற ஜெர்மன் வியாபாரிக்கு நிலம் குத்தகைக்கு விடும் உரிமையைக் கொடுத்தார். ஒருவனை வைத்து இன்னொருவனைத் தடுக்கும் கணக்கு, சரியான கணக்கும்கூட. அவருக்குத் தெரியாதது, லிப்பர்ட் அந்த உரிமையை ரோட்ஸிடம் விற்பதற்கு முன்கூட்டியே பேசி முடித்திருந்தார் என்பது. இது நடப்பது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டி வந்ததில் மொஃபட்டுக்கே மனம் கசந்தது.

ஷோனா நாட்டில் எதிர்பார்த்த தங்கம் கிடைக்கவில்லை. அதற்குள் லோபெங்குலா வழக்கம்போல் கப்பம் கேட்டார். கட்டாத லோமகுண்டி என்ற தலைவரை அவர் ஆட்கள் 1891-இல் கொன்றார்கள். 1893 ஜூலையில், வெள்ளைக் குடியேறிகள் இருந்த விக்டோரியா கோட்டைப் பக்கம் இருந்த ஷோனா ஊர்களைத் தண்டிக்க ஒரு படை போனது. வெள்ளைக்காரர்களைத் தொடக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. அதைச் சொல்லும் கடிதம்தான் தாமதமாக வந்து சேர்ந்தது. குடியேறிகளின் கண்ணெதிரே ஷோனா வேலைக்காரர்கள் கொல்லப்பட்டார்கள், அதைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். கம்பெனியின் நிர்வாகி ஜேம்சன் ஜூலை 18 அன்று படைத்தலைவர்களைக் கூப்பிட்டு உடனே எல்லையைத் தாண்டிப் போகச் சொன்னார். எந்த எல்லை? கம்பெனி தானாக மனதில் போட்டுக்கொண்டது. லோபெங்குலா ஒப்புக்கொண்ட எல்லை எதுவும் கிடையாது. கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே போன குதிரைப்படை சுட ஆரம்பித்தது. முதலில் சுட்டது இண்டெபெலே ஆட்கள் என்ற அறிக்கை, பின்னால் நடந்த அரசு விசாரணையில் நிற்கவில்லை. மூன்று வருஷம் முன்பு ஷோனா நாட்டின் ராஜாவாக இருந்தவர், இப்போது அங்கே அத்துமீறி நுழைந்தவர். அதே ஆட்கள், அதே ஒப்பந்தம்.

போருக்குக் காரணம் ஷோனா மக்களின் பாதுகாப்பா என்று கேட்டால், 1893 ஆகஸ்ட் 14 அன்று ஜேம்சன், போருக்குப் பேர் கொடுத்த வெள்ளை ஆட்களோடு செய்துகொண்ட உடன்பாட்டைப் படிக்கச் சொல்வேன். ஆளுக்கு 6,000 ஏக்கர் நிலம், 20 தங்கச் சுரங்கத் துண்டுகள், கொள்ளைப் பொருளில் பாதி கம்பெனிக்கு, பாதி போன ஆட்களுக்கு. கொள்ளை என்ற சொல்லையே எழுதியிருக்கிறார்கள்! சமாதானம் பேச லோபெங்குலா அனுப்பிய தூதர்களில் இருவர் டாட்டியில் பிரிட்டிஷ் முகாமில் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் 25 ஷங்கானியிலும், நவம்பர் 1 பெம்பேசியிலும் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகள் முடிவைச் சொல்லிவிட்டன. புலவாயோவுக்குத் தீ வைத்துவிட்டு ராஜா வடக்கே கிளம்பினார். படை உள்ளே போனபோது இரண்டு வெள்ளை வியாபாரிகள் கூரைமேல் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தொடக் கூடாது என்று ராஜா சொல்லிவிட்டுப் போயிருந்தார். வழியில் அவர் சமாதானம் கேட்டு அனுப்பிய தங்கக் காசுகளை இரண்டு போலீஸ்காரர்கள் அமுக்கிக்கொண்டார்கள். விஷயம் வெளியே வந்து தண்டனையும் ஆனது, ஆனால் சேதி போய்ச் சேரவேண்டிய நேரம் கடந்துவிட்டது. 1894-இன் தொடக்கத்தில் லோபெங்குலா இறந்தார் என்பது பொதுவான கருத்து. அம்மையா, விஷமா என்று இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அவர் ஜாம்பெசியைத் தாண்டிப் போய் அங்கே வாழ்ந்தார் என்று நம்பும் குடும்பக் கதையும் உண்டு. அதற்கு எழுத்து ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை.

ஜெயித்த பிறகு மூன்றாவது முறையாக ராஜாவின் அதிகாரம் வீங்கியது. நாட்டு மாடுகள் எல்லாமே ராஜாவுடையவை, ராஜாவின் சொத்து இப்போது கம்பெனிக்கு என்று வாதாடி, குடும்பங்களின் சொந்த மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். மக்களுக்கு ஒதுக்கிய குவாய், ஷங்கானி பகுதிகள் தண்ணீர் இல்லாத காடு. குடிசை வரி, கட்டாய வேலை, அதோடு 1896-இல் மாட்டு நோயும் வெட்டுக்கிளியும். ஜேம்சன் போலீஸ்காரர்களைக் கூட்டிக்கொண்டு டிரான்ஸ்வால் மீது படையெடுத்து மாட்டிக்கொண்ட சமயம் பார்த்து மார்ச்சில் கிளர்ச்சி வெடித்தது. முவாலி கோயில் பூசாரிகள்தான் அதை நடத்தினார்களா, பழைய அரசின் தலைவர்களா என்பதில் ஆய்வாளர்கள் இரண்டு கட்சி. இரண்டாவது கட்சி சொல்வது எனக்கு அதிகம் பொருந்துகிறது, ஏனென்றால் கிளர்ச்சி ஒரு ராஜாவைத் திரும்ப உட்கார வைக்கப் பார்த்தது. ஆகஸ்டில் ரோட்ஸ் ஆயுதம் இல்லாமல் மாட்டோபோ மலைக்குப் போய்ப் பேசினார். நாங்கள் எங்கே வாழ்வது என்று ஓர் இளைய தலைவர் கேட்க, உங்களுக்கு இடம் ஒதுக்குவோம் என்றார் ரோட்ஸ். எங்கள் நாட்டிலேயே எங்களுக்கு இடம் தருகிறீர்களா, ரொம்ப நல்ல மனசு என்று அவர் திருப்பிச் சொன்னதாக உடனிருந்த பத்திரிகையாளர் எழுதி வைத்திருக்கிறார். சண்டை நின்றது. பலர் தங்கள் பழைய நிலத்திலேயே, அதன் புதிய வெள்ளை உரிமையாளருக்கு வாடகை கொடுத்துக் குடியிருந்தார்கள்.

உங்கள் கேள்விக்குச் சட்டப்படியான பதில் 1918-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில், அதாவது காலனி வழக்குகளின் கடைசி மேல்முறையீட்டு மன்றத்தில், கிடைத்தது. யாருக்கும் ஒதுக்கப்படாத நிலம் யாருடையது என்று கம்பெனி, குடியேறிகள், அரசு, ஆப்பிரிக்க மக்கள் சார்பில் வாதாடியவர்கள் என நான்கு தரப்பு. நிலத்துக்குக் கம்பெனி காட்டிய ஒரே தாள் லிப்பர்ட் ஒப்பந்தம். நில உரிமைப் பத்திரமாக அது செல்லாது என்று நீதிபதிகள் ஒதுக்கிவிட்டார்கள். ஆக, லோபெங்குலா நாட்டை விற்கவில்லை. ஆனால் அதனால் அவருடைய மக்களுக்கு ஓர் ஏக்கர்கூடத் திரும்பவில்லை. போரில் ஜெயித்ததால் நிலம் பிரிட்டிஷ் அரசருடையது என்பது தீர்ப்பு. அடுத்த வருஷம் லோபெங்குலாவின் மூத்த மகன் நியமாண்டா, எங்கள் குடும்பத்துக்கு நிலத்தைத் திருப்பித் தாருங்கள் என்று அரசருக்கு மனு அனுப்பினார். மறுத்துவிட்டார்கள். நிலத்தை இழந்த கம்பெனியிடம் கனிம உரிமை மட்டும் தங்கியது. 1933-இல் தெற்கு ரொடீசிய (இன்றைய ஜிம்பாப்வே) அரசு அதை 20 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது.